ஒரே அமிலம், மூன்று செறிவு: எதை நம்புவது?

புதுக்கரைசல்:
ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல் ஒரு லிட்டர் தயாரித்து அதன் செறிவைத் தரம்பார்த்து, அதாவது அளவு தெரிந்த வேறொரு பொருளோடு வினைபுரியவைத்து, கண்டுபிடிக்க முயல்கிறேன். 37 சதவீத அடர் அமிலத்தில் 8.4 மி.லி. எடுத்து நீரில் கலந்தது, அதனால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) பக்கம் இருக்க வேண்டும். ஆனால் செய்யும் முறையைப் பொறுத்து விடை மாறுகிறது.

முதலில் உலர்ந்த சோடியம் கார்பனேட் 1.3250 கிராம் எடுத்து 250 மி.லி. ஆக்கி, அதில் 25 மி.லி. பிப்பெட்டில் (குறித்த அளவு எடுக்கும் குழாய்) எடுத்து, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி போட்டு, அமிலத்தைப் பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) வைத்துப் பார்த்தேன். 24.80 மி.லி. ஆனது. கணக்குப் போட்டால் அமிலம் 0.1008 மோலார்.

அப்புறம் 4.00 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை ஒரு லிட்டரில் கரைத்து, அதைப் பியூரெட்டில் வைத்து, குடுவையில் 25 மி.லி. அமிலம் எடுத்தேன். பினால்ப்தலீன் என்ற இன்னொரு நிறங்காட்டி போட்டால் 26.10 மி.லி. அதன்படி அமிலம் 0.1044. அதே கரைசல்களோடு மெத்தில் ஆரஞ்சு போட்டால் 25.65 மி.லி., அதாவது 0.1026. ஒவ்வொன்றையும் திரும்பச் செய்தாலும் அளவுகள் அழகாக ஒத்துப்போகின்றன, ஆனால் மூன்று முறைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எதை எடுத்துக்கொள்வது?

நீலலிட்மஸ்:
0.1008. மற்ற இரண்டும் சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டால் செறிவு தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. அந்த வில்லைகள் தராசுத் தட்டில் இருக்கும்போதே ஈரத்தை இழுக்கும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். 4 கிராம் என்று தராசு காட்டினாலும் அதில் காரம் 4 கிராம் கிடையாது.

இருகோல் தராசு:
அவசரப்பட்டு 0.1008 என்று முடிவு கட்ட வேண்டாம். சோடியம் கார்பனேட்டும் நன்றாக உலர்த்தப்பட்டிருந்தால்தான் முதல்நிலைத் திட்டப்பொருள், அதாவது எடைபோட்டே அளவை நம்பக்கூடிய பொருள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள்? 110 டிகிரியில் உலர்த்தினால் ஈரம் போகும், ஆனால் பைகார்பனேட் முழுவதும் சிதைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 250 முதல் 270 டிகிரி வரை வைத்து ஒரு மணி நேரமாவது சூடாக்கி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலன்) ஆறவைத்து, ஆறியவுடன் எடைபோட வேண்டும். 300 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சூடாக்கினால் கார்பனேட்டே கொஞ்சம் சிதைய ஆரம்பிக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கார்பனேட்டில் ஈரமோ பைகார்பனேட்டோ இருந்தால், நீங்கள் எடைபோட்டதில் காரத்தன்மை குறைவு. அமிலம் குறைவாகச் செலவாகும், கணக்கில் அமிலம் உண்மையைவிட அடர்த்தியாகத் தெரியும். ஆக, அந்தப் பக்கம் பிழை இருந்தால் உண்மையான செறிவு 0.1008ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். 0.1044 என்ற எண்ணுக்கு அது எந்த விதத்திலும் ஆதரவு தராது.

புதுக்கரைசல்:
260 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தேன், டெசிகேட்டரில்தான் ஆறவைத்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு எடை நம்பத்தகாதது என்பது புரிகிறது. ஆனால் அதுமட்டும்தான் காரணம் என்றால், பினால்ப்தலீனும் மெத்தில் ஆரஞ்சும் ஒரே தவறான விடையைத் தர வேண்டும் அல்லவா? அங்கேயே 0.45 மி.லி. வித்தியாசம் ஏன்?

மூத்த ஆய்வகன்:
இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், இதற்கு விடை தெரிந்தால் உங்கள் காரக் கரைசலுக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரிந்துவிடும். அந்த 0.45 மி.லி.யை வீணான பிழை என்று நினைக்காதீர்கள், அதுவே ஓர் அளவீடு.

சோடியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடை இழுத்தால் சோடியம் கார்பனேட் ஆகிறது. ஒரு கார்பனேட் உண்டாக இரண்டு ஹைட்ராக்சைடு செலவாகிறது. இப்போது உங்கள் பியூரெட்டில் இருப்பது இரண்டும் கலந்த கரைசல். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பிஎச் 3.1க்கும் 4.4க்கும் இடையில். அந்த இடத்தில் கார்பனேட் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளையும் வாங்கிக்கொண்டு முழுதாகக் கார்பானிக் அமிலமாகிவிட்டது. அதாவது இழந்த இரண்டு ஹைட்ராக்சைடுக்கு ஈடாக இரண்டும் திரும்பக் கணக்கில் வந்துவிட்டன. பினால்ப்தலீன் நிறம் மாறுவதோ பிஎச் 8.2க்கு மேல். அங்கே கார்பனேட் பைகார்பனேட் நிலையில்தான் நிற்கும், ஓர் அயனியைத்தான் வாங்கியிருக்கும். இரண்டு ஹைட்ராக்சைடு போய் ஒன்றுதான் திரும்ப வந்தது. அதனால் பினால்ப்தலீனுக்குக் காரம் நீர்த்தது போலத் தெரியும், பியூரெட்டில் அதிகம் ஓடும். 25.65க்குப் பதில் 26.10.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். அமிலம் 0.1008 என்று வைத்துக்கொண்டால் 25 மி.லி.யில் 2.520 மில்லிமோல். அதை 25.65ஆல் வகுத்தால் 0.0982, இது மொத்தக் காரம். 26.10ஆல் வகுத்தால் 0.0966, இது பினால்ப்தலீன் பார்க்கும் காரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 0.0017 மோலார், அதுதான் கரைசலில் உள்ள கார்பனேட். லிட்டருக்கு 0.18 கிராம் சோடியம் கார்பனேட் உங்கள் குப்பியில் கரைந்திருக்கிறது. மீதி சோடியம் ஹைட்ராக்சைடாகவே இருப்பது 0.095 பக்கம்.

ஆக, இரண்டு வேறு குறைகள். 0.1000 இருக்க வேண்டிய மொத்தக் காரம் 0.0982 ஆனதற்குக் காரணம் எடையில் சேர்ந்துகொண்ட ஈரமும் மற்றவையும். 0.0982 பினால்ப்தலீனில் 0.0966 ஆனதற்குக் காரணம் கார்பனேட். உங்கள் மூன்று விடைகளும் படிப்படியாக விலகிப் போனது இதனால்தான்.

துளிக்கணக்கு:
மேலே சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். காரக் குப்பியைத் திறந்தே வைத்திருந்து இன்னும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனால், மெத்தில் ஆரஞ்சு அளவு மாறவே மாறாதா?

மூத்த ஆய்வகன்:
மாறாது. நீர் ஆவியாகாமல் இருக்கும்வரை மொத்தக் காரம் அப்படியே இருக்கும், பினால்ப்தலீன் அளவு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஒரே குப்பியை மாதக் கணக்கில் வைத்து வேலை செய்யும் இடங்களில் இந்த இரண்டு அளவுகளையும் அவ்வப்போது ஒப்பிட்டாலே காரம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். தனியாகக் கார்பனேட்டை உறுதிசெய்ய வேண்டுமானால் பேரியம் குளோரைடு சேர்த்து அதைப் படியவைத்துவிட்டு, மீதிக் காரத்தைப் பினால்ப்தலீனோடு பார்க்கும் விங்க்லர் முறை இருக்கிறது.

பிஎச்மானி:
நிறங்காட்டிகளை வைத்து இவ்வளவு சிரமப்படுவதைவிட பிஎச் மீட்டரை வைத்து வரைபடம் போட்டுவிடலாமே. எந்த நிறம், யார் கண் என்ற கேள்வியே எழாது. இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்லும் வேலைக்கு நான் உடன்படமாட்டேன்.

இருகோல் தராசு:
வலிமையான அமிலத்துக்கும் வலிமையான காரத்துக்கும் கண்ணே போதும். 0.1 மோலார் அமிலம் 25 மி.லி.க்கு 0.1 மோலார் காரம் விட்டால், முடிவுநிலைக்கு ஒரு துளி முன்னால், அதாவது 24.95 மி.லி.யில், பிஎச் 4. ஒரு துளி தாண்டினால், 25.05இல், பிஎச் 10. இரண்டு துளிக்குள் ஆறு அலகு ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்குள் விழும் எந்த நிறங்காட்டியும் ஒரு துளி வித்தியாசத்துக்குள் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். 0.45 மி.லி. என்பது ஒன்பது துளி, அது கண்ணின் குறையாக இருக்க முடியாது.

மீட்டர் வைத்தாலும் கார்பனேட் போகாது. அந்தச் செங்குத்தான ஏற்றம் மழுங்கி நடுவில் ஒரு சாய்வு தெரியும், அவ்வளவுதான். எந்த இடத்தை முடிவாக எடுப்பது என்ற அதே கேள்வி வரைபடத்திலும் வரும். மீட்டரையும் பிஎச் தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களில் சரிபார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

பிஎச்மானி:
கார்பனேட் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறமுள்ள கரைசலுக்கும், கலங்கலான கரைசலுக்கும், மிகவும் நீர்த்த அமிலத்துக்கும் மீட்டர்தான் சரி என்பதை நான் விடமாட்டேன். 0.001 மோலாரில் அந்த ஏற்றம் சுருங்கிப்போகிறது, நிறங்காட்டி மெதுவாக மாறுகிறது, அங்கே கண்ணை நம்ப முடியாது.

இருகோல் தராசு:
அது சரி, அங்கே நானும் மீட்டரைத்தான் எடுப்பேன்.

கூம்புக்குடுவை:
வேதியியல் எல்லாம் சரி, கையால் செய்யும் வேலையைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான முரண்பாடுகள் பியூரெட்டின் கீழ் நுனியிலிருந்து வருபவை. குழாயைத் திறந்து வேகமாக விட்டு அந்த நுனியில் காற்றுக் குமிழி இல்லை என்று உறுதிசெய்யாமல் தொடங்கினால், நடுவில் குமிழி வெளியேறும்போது அந்த அளவு அப்படியே விடையில் ஏறிவிடும். மேலே வைத்த புனலை எடுக்காமல் விட்டால் அதில் தங்கிய சொட்டு பிறகு விழுந்து அளவைக் குறைத்துக் காட்டும்.

கழுவும் முறையில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலை நீர்க்கச் செய்யும். கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால் கழுவினால் போதும், ஈரமாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அதற்குள் எத்தனை மோல் அமிலம் போகிறது என்பதைப் பிப்பெட் முடிவு செய்துவிட்டது. குடுவையை அமிலத்தால் அலசினால்தான் கெடுதல், ஒட்டியிருக்கும் அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும். சுவரில் தெறித்த துளிகளை நீர் விட்டு உள்ளே இறக்குங்கள், தாராளமாக.

பிப்பெட்டின் நுனியில் கடைசியாகத் தங்கும் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது. அந்தச் சொட்டை விட்டுவிட்டுத்தான் 25 மி.லி. என்று குறித்திருக்கிறார்கள். நுனியைக் குடுவைச் சுவரில் தொடவைத்துச் சற்று நிறுத்தி எடுங்கள்.

50 மி.லி. பியூரெட்டில் 0.1 மி.லி. வரைதான் கோடு, அதற்கு இடையில் உள்ளதைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். கண் கீழ்ப்பிறைக்கு (திரவ மேற்பரப்பின் வளைவின் அடிப்பகுதி) நேராக இருக்கட்டும். பின்னால் பாதி கறுப்பாக்கிய வெள்ளை அட்டையைப் பிடித்தால் பிறையின் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஒரு துளி 0.05 மி.லி. என்பதால், முடிவு நெருங்கும்போது துளியை முழுதாக விழவிடாமல் நுனியில் தொங்கும் பாதித் துளியைக் குடுவைச் சுவரில் தொட்டெடுத்து நீரால் கழுவி இறக்குவதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

துளிக்கணக்கு:
பினால்ப்தலீன் இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. மறையாமல் நிற்கும்வரை விட்டுக்கொண்டே போக வேண்டுமா?

கூம்புக்குடுவை:
வேண்டாம். கலக்கும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நிறத்தை அழிக்கிறது. மிக வெளிறிய இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் அதுதான் முடிவு, குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் சேர்த்தால் காற்றைத்தான் தரம்பார்க்கிறீர்கள்.

புதுக்கரைசல்:
மேலே சொன்ன விளக்கம் சரியா என்று பார்க்க, அதே காரக் குப்பியை, எடைபோட்டே நம்பக்கூடிய திட அமிலமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டோடு தரம்பார்த்தேன். 110 டிகிரியில் உலர்த்தி, 0.5105 கிராம் எடுத்து, பினால்ப்தலீன் போட்டு, 25.90 மி.லி. ஆனது. மோலார் நிறை 204.22, அதனால் 2.500 மில்லிமோல், காரம் 0.0965 மோலார். இதை வைத்து முதலில் எடுத்த 26.10ஐக் கணக்கிட்டால் அமிலம் 0.1008. சோடியம் கார்பனேட் வழியாக வந்த அதே எண்!

இரண்டும் வேறு வேறு பொருள்கள், ஒன்று காரம், ஒன்று அமிலம், இரண்டு வழியாகவும் ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்ததைப் பார்க்க மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

மூத்த ஆய்வகன்:
அருமை. இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? காரத்தில் உள்ள கார்பனேட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நீங்கள் அதை நீக்கவில்லை. தாலேட்டையும் பினால்ப்தலீனில் பார்த்தீர்கள், அமிலத்தையும் பினால்ப்தலீனில் பார்த்தீர்கள், அதனால் கார்பனேட்டின் விளைவு இரண்டு பக்கமும் சேர்ந்து அடிபட்டுப்போனது. குப்பியின் மேல் '0.0965' என்று மட்டும் எழுதாதீர்கள், 'பினால்ப்தலீனுக்கு' என்றும், தேதியும் சேர்த்து எழுதுங்கள். மெத்தில் ஆரஞ்சோடு பயன்படுத்த வேண்டி வந்தால் அதே குப்பிக்கு 0.0982.

அடுத்த முறை காரம் தயாரிக்கும்போது காரமும் நீரும் சம எடையில் எடுத்து 50 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் செய்து, பிளாஸ்டிக் குப்பியில் மூடிச் சில நாள் அசையாமல் வையுங்கள். அவ்வளவு அடர்த்தியான காரத்தில் சோடியம் கார்பனேட் கரையாது, அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததில் 5.2 மி.லி. எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஒரு லிட்டர் ஆக்கினால் 0.1 மோலார் பக்கம் வரும். கரைக்கும்போது நன்றாகச் சூடேறும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

நீலலிட்மஸ்:
சோடியம் கார்பனேட் வழியிலேயே இன்னும் கூர்மையான முடிவு வேண்டுமானால், நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்தி, குடுவையை ஓரிரு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் கடைசித் துளிகளை விடுங்கள். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் பழைய நிறம் திரும்பும், அப்புறம் ஒரே துளியில் மாறும். புரோமோகிரசால் பச்சை அல்லது மெத்தில் சிவப்பு வைத்துச் செய்தால் மெத்தில் ஆரஞ்சின் அந்த இழுபறியான ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துத் தடுமாற வேண்டாம்.

துளிக்கணக்கு:
இதே முறையில் அசிட்டிக் அமிலம், கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம் எல்லாவற்றையும் பார்க்கலாமா?

இருகோல் தராசு:
நிறங்காட்டியை மாற்றி யோசிக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு கூடவே கூடாது. அதன் பிகேஏ (அமிலம் பாதி நடுநிலையாகும் பிஎச்) 4.76. பிஎச் 4.4 வந்து மெத்தில் ஆரஞ்சு மஞ்சளாகி முடித்தபோது அமிலத்தில் 30 சதவீதம்தான் நடுநிலையாகியிருக்கும். 0.1 மோலார் கரைசல்களில் சமானப் புள்ளி (அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் இடம்) பிஎச் 8.7 அருகில், பினால்ப்தலீனுக்கென்றே அமைந்தது போல. இங்கே காரத்தின் கார்பனேட்டை மெத்தில் ஆரஞ்சால் தவிர்க்கவும் வழியில்லை, அதனால் தாலேட்டில் தரம்பார்த்த காரம் கட்டாயம்.

கந்தக அமிலம் இரண்டு ஹைட்ரஜன் தரும், இரண்டாவதும் போதுமான வலிமை உள்ளது, எனவே ஒரே முடிவுநிலை. கணக்கில் இரண்டால் வகுக்க மறக்காதீர்கள், 0.05 மோலார்தான் 0.1 நார்மல் (தரும் ஹைட்ரஜனை வைத்துச் சொல்லும் செறிவு).

பாஸ்பாரிக் அமிலம்தான் எனக்குப் பிடித்தது. பிகேஏ 2.15, 7.20, 12.35 என்று நன்றாக விலகி நிற்பதால் முதல் ஹைட்ரஜனை பிஎச் 4.7 அருகிலும், இரண்டாவதை 9.7 அருகிலும் தனித்தனியே பிடிக்கலாம். மூன்றாவது நீரில் நேரடியாகப் பிடிபடாது. சிட்ரிக் அமிலத்திலும் மூன்று உண்டு, ஆனால் 3.13, 4.76, 6.40 என்று நெருங்கி இருப்பதால் தனித்தனிப் படிகள் தெரியாது, மூன்றும் சேர்ந்து பினால்ப்தலீனில் ஒரே முடிவாக வரும்.

புதுக்கரைசல்:
கடைசியாக ஒன்று. இந்த 0.1008 எத்தனை இலக்கம் வரை நம்பத்தக்கது? எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம்?

மூத்த ஆய்வகன்:
'ஏ' வகை 25 மி.லி. பிப்பெட்டுக்கே 0.03 மி.லி. வரை விலகல் அனுமதி, 50 மி.லி. பியூரெட்டுக்கு 0.05. இதோடு படிக்கும் பிழையும் சேர்ந்தால் நான்காவது இலக்கத்தில் ஒன்றிரண்டு முன்பின் ஆகும். நான் 0.1008 என்றே எழுதுவேன், ஐந்தாவது இலக்கம் எழுதமாட்டேன். நீங்கள் 1.3250 கிராம் எடைபோட்டுப் பத்தில் ஒரு பங்கு எடுத்தது நல்ல வேலை. 0.1325 கிராமை நேராக எடைபோட்டிருந்தால் தராசு 0.0002 கிராம் தப்பினாலே 0.15 சதவீதம் போயிருக்கும். பியூரெட் அளவும் 20 மி.லி.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 5 மி.லி. தரம்பார்த்தலில் அதே படிக்கும் பிழை 25 மி.லி.யில் இருப்பதைப் போல ஐந்து மடங்காகத் தெரியும்.

வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். 20 டிகிரியில் தரம்பார்த்த கரைசலை 30 டிகிரியில் பயன்படுத்தினால் நீர் விரிந்து செறிவு 0.25 சதவீதம் குறையும், நான்காவது இலக்கத்தில் 2 அல்லது 3 மாறிவிடும்.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறுக்கமாக மூடிய குப்பியில் மாதக் கணக்கில் அப்படியே இருக்கும், இவ்வளவு நீர்த்ததிலிருந்து வாயு வெளியேறாது. ஆனால் நீர் ஆவியாகிக் குப்பியின் மேல் சுவரில் துளிகளாக நிற்கும், அதனால் ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் குப்பியை நன்றாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். காரத்தை மட்டும் பிளாஸ்டிக் குப்பியில், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் அடைத்த காப்புக் குழாயோடு வைத்து, வாரத்துக்கு ஒரு முறையாவது தாலேட்டில் மறுபடி பாருங்கள்.